திறப்பு யார் கையில்

போன ஆவணியில் அமெரிக்காவிலிருந்து மருமகன் வந்திருந்தான். என் தங்கச்சியின் மூத்த பிள்ளை, அந்த நாட்டு இராணுவத்தில் சார்ஜன்ட். திருகோணமலை நகரத்து உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில், மின்விசிறிக் காற்றும் போதாமல் பழைய பத்திரிகை ஒன்றால் விசிறிக்கொண்டிருந்தவனிடம் சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

"தம்பி, உன்னிடம் சொந்தமாகத் துவக்கு இருக்கிறதா?"

"இரண்டு இருக்கிறது மாமா. ஒரு பிஸ்டல், ஒரு வேட்டைத் துவக்கு."

"நீ இங்கே வந்துவிட்டாய். அவை எங்கே?"

"முகாமில் ஆயுத அறையில் கொடுத்துவிட்டு வந்தேன். அட்டை என்னிடம் இருக்கிறது."

பணப்பையைத் திறந்து ஒரு சின்ன அட்டையை எடுத்துக் காட்டினான். நகர நூலகத்தில் நான் இளவயதில் வைத்திருந்த அட்டையின் அளவுதான். அவனுடைய பெயர், அணி, துவக்கின் வகை, அதன் தொடர் இலக்கம், ஒரு கையெழுத்து. அட்டையைக் கொடுத்தால் துவக்கு வரும், துவக்கைக் கொடுத்தால் அட்டை வரும். அவ்வளவுதான் என்றான்.

அவ்வளவுதானா? எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கடதாசி இருக்கிறது. காணி உறுதியோடு ஒரே பிளாஸ்டிக் உறையில், நாற்பது வருடத்துக்கு மேலாக.

தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் சாவியைத் திறப்பு என்போம், துப்பாக்கியைத் துவக்கு என்போம். இலங்கைச் சட்டத்தின் தமிழில் அது சுடுகலன். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் அதன் அடிப்படை. சுடுகலன் என்று முதன்முதலாக வாசித்துக் காட்டியபோது, "சோறு வடிக்கிற பானையா?" என்று அம்மா கேட்டாள்.

அப்பாவுக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் பக்கத்தில் வயல் இருந்தது. பெரும்போகத்தில் கதிர் பால் பிடிக்கும் காலம் காட்டுப்பன்றி இறங்கும். ஒரு இரவில் பத்துப் பன்றி இறங்கினால் விடிய எழுந்து பார்ப்பதற்குச் சேறுதான் மிஞ்சும். அதற்காகத்தான் ஒற்றைக் குழல், 12 போர் அளவுத் துவக்கு. வருடத்துக்கு ஒருமுறை அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும், மார்கழி 31 உடன் அது காலாவதியாகிவிடும். மற்றத் தேதிகளையெல்லாம், என் பிறந்தநாள் உட்பட, அப்பா மறப்பார். இதை மட்டும் மறந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் துவக்கைத் துடைக்கும் காட்சி இப்போதும் மூக்கில் நிற்கிறது. பழைய வேட்டித் துண்டை மண்ணெண்ணெயில் நனைத்துக் கம்பில் சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுப்பார். அது கறுப்பாக வரும். இன்னொரு துண்டு. அது சாம்பல் நிறமாக வரும். மூன்றாவது வெள்ளையாக வந்தால்தான் எழுந்திருப்பார். வெளிப்புறத்துக்குத் தேங்காய் எண்ணெய், அம்மா தலைக்கு வைக்கிற அதே போத்தலிலிருந்து. துவக்குக்கும் அம்மாவின் கூந்தலுக்கும் ஒரே மணம்.

துவக்கு அலுமாரிக்குப் பின்னால், சங்கிலி போட்டுப் பூட்டி. தோட்டாக்கள் ஒரு பிஸ்கட் டின்னில், அந்த டின் அம்மாவின் சேலைப் பெட்டிக்குள். சங்கிலியின் திறப்பு அப்பாவிடம், சேலைப் பெட்டியின் திறப்பு அம்மாவின் முந்தானை முடிச்சில். இதை யாரும் எழுதிவைக்கவில்லை, கலியாணம் செய்த வருடமே அப்படி ஆகிவிட்டதாம். பன்றி வந்துவிட்டது என்று வயலிலிருந்து ஆள் ஓடிவந்தால் அப்பா முதலில் அம்மாவை எழுப்ப வேண்டும். அவள் எழுந்து, கூந்தலை முடிந்து, விளக்கைத் தூண்டி, பெட்டியைத் திறந்து, தோட்டாக்களை எண்ணி எடுத்துக் கொடுப்பதற்குள் பன்றி பக்கத்து ஊருக்கே போய்விடும் என்று அவர் முணுமுணுப்பார். திரும்பி வந்ததும் மிச்சத்தை எண்ணி வாங்குவாள்.

ஒருமுறை வாய்க்கால் தண்ணீர்ப் பங்கில் பெரியப்பாவோடு தகராறு. வரம்பில் வைத்துத் தள்ளுமுள்ளு, சட்டை கிழிந்துவிட்டது. அப்பா வீட்டுக்கு வந்து குரலை உயர்த்தாமல், "டின்னை எடு" என்றார். குரலை உயர்த்தாததுதான் பயமாக இருந்தது. எனக்குப் பதினொரு வயது. அம்மா முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள், இடுப்பைத் தடவினாள், அடுப்படிக்குப் போய் வந்தாள். "திறப்பைக் காணவில்லை" என்றாள். அப்பா பெட்டியை உடைக்கவில்லை. ஒரு மணித்தியாலம் முற்றத்தில் நடந்தார், பிறகு கிணற்றடிக்குப் போய்க் குளித்தார். இரண்டு நாள் கழித்துத் திறப்பு அதே முந்தானை முடிச்சில் இருந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

1984 இல் எங்கள் பக்கத்துத் துவக்குகளையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னார்கள். கிராமசேவகர் வீடு வீடாக வந்து சொன்னார். அப்போதும் நாங்கள் அவரை விதானையார் என்றுதான் அழைத்தோம். ஊர் மூன்றாகப் பிரிந்தது. சிலர் ஓலைக்கூரைக்குள் செருகினார்கள். சிலருடைய துவக்குகளை அதற்கு முன்பே இரவில் வந்த இயக்கப் பொடியன்கள் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அனுமதிப்பத்திரம் உள்ள வீடு எது என்பது அரசாங்கத்துக்கு மட்டுமா தெரியும்? தெற்கிலும் 1971 கிளர்ச்சியில் ஜே.வி.பி. இயக்கத்து இளைஞர்கள் செய்தது இதைத்தான். மூன்றாவது வகை, அப்பாவைப் போல, சொன்ன நாளில் சொன்ன இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள்.

எந்தப் பொலிஸ் நிலையம் என்பது வேண்டாம். கடைசி ஞாயிற்றுக்கிழமை இரண்டு மடங்கு நேரம் எடுத்துத் துடைத்தார். சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டி எடுத்துப்போனார். திரும்பிவரும்போது ஊதாக் கார்பன் மையில் ஒரு பற்றுச்சீட்டு: ஒற்றைக் குழல் ஒன்று, இலக்கம் இன்னது, நிலை நல்லது. "நிலை நல்லது" என்பதை அப்பா பலமுறை வாசித்துக் காட்டினார். நிலைமை சீரானதும் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்றார்களாம்.

அடுத்த வருடம் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கப் போனார், உரிமை விட்டுப்போய்விடக் கூடாது என்று. அலுவலகத்தில் இருந்தவர், "துவக்கைக் கொண்டுவந்து காட்டினால்தான் புதுப்பிக்கலாம்" என்றார். துவக்கு பொலிஸில் இருக்கிறது என்று பற்றுச்சீட்டைக் காட்டினார். "அப்படியானால் அங்கே போய் எடுத்து வாருங்கள்." அங்கே போனால், "செல்லுபடியான அனுமதிப்பத்திரம் எங்கே?" இந்த வட்டத்தை மூன்று வருடம் சுற்றினார். பிறகு 2002 இல் சமாதானக் காலத்தில் ஒருமுறை. பழைய பதிவுகள் ஒன்றும் இல்லை என்றார்கள். அடுத்த வருடம் அவர் காலமானார்.

அந்த மூன்று வகையினரில் ஊர் கடைசியில் யாரைக் கெட்டிக்காரன் என்றது தெரியுமா? கூரைக்குள் செருகியவனை.

மருமகனோடு ஒரு வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போனேன். தெரியாதவர்களுக்கு: கோயிலுக்குப் போகும் வழி பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால், கோட்டைக்குள் இராணுவ முகாம். வாசலில் புள்ளிமான்கள் வாழைப்பழத் தோலுக்கு வந்து நிற்கும், பக்கத்திலேயே காவலரண். அருச்சனைத் தட்டோடு துவக்கைத் தாண்டித்தான் சுவாமியிடம் போக வேண்டும். எங்களுக்கு அது பழகிவிட்டது. மருமகன் காவலுக்கு நின்ற பொடியனைப் பார்த்தான், அவனுடைய விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தான், திருப்தியாகத் தலையாட்டினான். தொழில் புத்தி.

மலை ஏறும்போதுதான் விவரமாகக் கேட்டேன். அங்கே படை விடுதியில் தங்கும் கலியாணமாகாத சிப்பாய் சொந்தத் துவக்கைத் தன் அறையில் வைத்திருக்கக் கூடாது. அணியின் ஆயுத அறையில் கொடுக்க வேண்டும். முகாமுக்குள்ளேயே குடும்ப வீடு கிடைத்தவன் பதிவு செய்துவிட்டு வீட்டில் வைத்திருக்கலாம். வெளியே வாடகைக்கு இருப்பவனுக்கு அந்த மாநிலச் சட்டம் எதுவோ அது. ஆயுத அறையில் அரசாங்க ஆயுதம் ஒரு பக்கம், சொந்த ஆயுதம் வேறாகப் பூட்டிய பெட்டியில், தோட்டா அதிலிருந்தும் வேறாக. அம்மாவின் சேலைப் பெட்டியை அமெரிக்க இராணுவம் 190-11 என்று இலக்கம் போட்ட ஒழுங்குவிதியாக எழுதி வைத்திருக்கிறது.

இதில் எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று. போர்க்களத்துக்கு அனுப்பும்போது சொந்தத் துவக்கைக் கொண்டுபோகவே கூடாதாம். பொதுக் கட்டளை இலக்கம் 1 என்று அதற்குப் பெயர். சண்டைக்குப் போகிறவன் தன் துவக்கை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறான்.

"விடுவதற்கு உன் வீடு இருக்கிறதே" என்றேன்.

"அம்மா விடமாட்டார் மாமா. துவக்கோடு வருவதென்றால் வராதே என்றுவிட்டார்."

என் தங்கச்சி நியூ ஜெர்சியில் இருக்கிறாள். 1990 இல் இந்த நகரத்தை விட்டுப் போனவள். இன்றைக்கும் நாய் குரைத்தால் எழுந்து யன்னல் பக்கம் போகாமல் சுவர் ஓரமாக நிற்பாள். அவளுடைய மகன் இராணுவத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கிழமை பேசாமல் இருந்தாள். அவளிடம் போய், டெக்ஸாஸில் கடைக்காரன் சட்டப்படி விற்றதுதான் என்று எதைச் சொல்வது?

மாநிலம் மாறுவது இன்னொரு தலையிடி. இராணுவம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றும். ஓரிடத்தில் கேள்வியில்லாமல் வாங்கியது அடுத்த இடத்தில் பதிவில்லாமல் வைத்திருக்க முடியாததாகிவிடும். ஹவாய்க்குப் போனால் வந்து ஐந்து நாளுக்குள் பொலிஸில் பதிய வேண்டும். துவக்கு அதே துவக்கு.

ஆனால் விதி இருப்பது வேறு, ஆட்கள் அதன்படி நடப்பது வேறு. ஆயுத அறையில் கொடுத்தால் சனிக்கிழமை சுட்டுப் பழகப் போவதற்குக்கூட அதிகாரியின் அனுமதி வேண்டும். ஆயுதக் காப்பாளன் சாப்பாட்டுக்குப் போயிருந்தால் காத்திருக்க வேண்டும். துவக்கில் கீறல் விழும், ஈரம் பிடிக்கும் என்று பயம். தங்களிடம் என்ன இருக்கிறது என்று அதிகாரிக்குத் தெரிவதே பிடிக்காதவர்களும் உண்டு. அதனால் வெளியே வீடு எடுத்திருக்கும் சிநேகிதனிடம் விடுகிறார்கள். சிலர் காரின் பின்பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். அதாவது கூரைக்குள் செருகுகிறார்கள். வாங்குவதோ சுலபம், பல முகாம்களில் படையினருக்கான கடையிலேயே விற்கிறார்கள்.

போட் ஹூட் என்ற முகாமில் 2009 இலும் 2014 இலும் சொந்தத் துவக்கால் சகபடையினரைச் சுட்ட சம்பவங்கள் நடந்தன. முதலாவதில் 13 பேர், இரண்டாவதில் சுட்டவனைத் தவிர மூன்று பேர் இறந்தார்கள். முதலாவதற்குப் பிறகு அவர்களுடைய நாடாளுமன்றம் என்ன செய்தது என்றால், முகாமுக்கு வெளியே சிப்பாய் வைத்திருக்கும் துவக்கைப் பற்றிப் பாதுகாப்புத் துறை விவரம் திரட்டக் கூடாது என்று 2011 இல் சட்டம் போட்டது. தன்னையோ பிறரையோ மாய்த்துவிடுவான் என்று நியாயமாகச் சந்தேகப்பட்டால் மட்டும் அதிகாரியோ மருத்துவரோ கேட்கலாம் என்று 2013 இல் சிறு வாசல் திறந்தார்கள்.

அந்தச் சிறு வாசல்தான் முக்கியம். ஏனென்றால் பெரிய எண்ணிக்கை போட் ஹூட்டில் இல்லை. 2023 இல் அந்த நாட்டுப் படைகளில் 500 க்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு துவக்கால், அதிலும் பெரும்பாலானவை சொந்தத் துவக்குகள். அதே வருடத் தொடக்கத்தில் ஒரு சுயாதீனக் குழு, முகாம் கடைகளில் துவக்கு வாங்கும் வயதை 25 ஆக்குங்கள், வாங்கியவன் கையில் கொடுக்க ஏழு நாள் காத்திருங்கள் என்றது. குழுவின் பரிந்துரைகள் பலவற்றை ஏற்ற பாதுகாப்புத் துறையினர் வயது பற்றிய பரிந்துரையை ஏற்கவில்லை. இலவசமாகப் பூட்டுக் கொடுக்கிறார்கள்.

பூட்டு என்றதும் எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வந்தது. துவக்கல்ல, நெல்லுக்கு அடிக்கிற மருந்து. 1995 அளவில் உலகத்திலேயே தற்கொலை மிக அதிகமான நாடுகளில் ஒன்று இலங்கை. வயல் வீடுகளில் அது பெரும்பாலும் மருந்துப் போத்தல். எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீடு. கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள், அடுத்த இருபது வருடத்தில் விகிதம் ஏறத்தாழ எழுபது வீதம் இறங்கியது. இடையில் வேறொரு யோசனையும் பரிசோதித்தார்கள்: மருந்தைப் பூட்டி வைக்க வீட்டுக்கு வீடு பெட்டி. அநுராதபுரம் மாவட்டத்தில் 180 கிராமங்களில் பெரிய ஆய்வு, 2017 இல் முடிவு வெளிவந்தது. பெட்டி கொடுத்த கிராமத்துக்கும் கொடுக்காத கிராமத்துக்கும் வித்தியாசம் இல்லை.

ஆய்வாளர்கள் ஆயிரம் காரணம் சொல்லட்டும். ஒரு வயல் வீட்டுக்குள் போய்ப் பார்த்தவனுக்குத் தெரியும், பெட்டி திண்ணையில் இருக்கும், அதன் திறப்பு சுவரில் அதே ஆணியில் தொங்கும். கோபம் வந்தவனுக்கும் திறப்புக்கும் இடையில் யாரும் இல்லை.

இஸ்ரேல் இராணுவம் 2006 இல் செய்தது ஆணியிலிருந்து திறப்பை எடுத்ததுதான். வார இறுதியில் வீட்டுக்குப் போகும் சிப்பாய்கள் துவக்கை முகாமிலேயே விட்டுப் போகச் சொன்னார்கள். தற்கொலை நாற்பது வீதம் குறைந்தது. அது அரசாங்கத் துவக்கு, சொன்னால் விடத்தான் வேண்டும். சொந்தத் துவக்கை ஒருவன் தானாகக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்றால், அது தனக்குத் திரும்பி வரும் என்று அவன் நம்ப வேண்டும். என் அப்பாவைப் பார்த்தவன் எவன் கொண்டுவருவான்?

இதை மருமகனிடம் சொன்னபோது நாங்கள் கோயில் முடிந்து, இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து நின்றோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு கதை சொன்னான்.

அவனுடைய அணியில் ஓஹையோக்காரன் ஒருவன், நல்ல சிநேகிதன். மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவன் வெளியே எடுத்திருந்த வீட்டில் தனியாக. ஒரு இரவு பதினொரு மணிக்கு இவன் அறைக் கதவைத் தட்டினான், கையில் பிஸ்டல் பெட்டி. "இதை எங்கேயாவது வை. இன்றைக்கு எனக்குப் பக்கத்தில் வேண்டாம்." அறையில் வைப்பது விதிமீறல். ஆயுத அறை பூட்டியிருந்தது. மருமகன் தொலைபேசியில் யார் யாரையோ எழுப்பி, கடைசியில் ஆயுதக் காப்பாளன் அரைக் காற்சட்டையும் ரப்பர் செருப்புமாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தான். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. தொடர் இலக்கத்தை எழுதினான், அட்டையைக் கொடுத்தான், கொட்டாவி விட்டான், போய்விட்டான். ஓஹையோக்காரன் அந்த அட்டையை மருமகனிடம் நீட்டினானாம்.

"நீ வைத்துக்கொள். நான் கேட்டால் உடனே தராதே."

"கேட்டானா?" என்றேன்.

"இரண்டு முறை. முதல் தரம் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்றேன்."

அம்மா இருந்திருந்தால் இவனை உச்சிமோந்திருப்பாள்.

"இரண்டாம் தரம்?"

"மூன்று மாதம் கழித்து. மான் வேட்டைக் காலம் தொடங்கப்போகிறது, சகோதரனோடு போகிறேன், துப்புரவு செய்ய வேண்டும் என்று கேட்டான். நன்றாகச் சாப்பிட்டு ஆளும் தெளிந்திருந்தான். கொடுத்தேன். காப்பாளன் அட்டையை வாங்கிக்கொண்டு பெட்டியை எடுத்து வைத்தான். துரு இல்லை, கீறல் இல்லை."

2024 இல் நம் பாதுகாப்பு அமைச்சும், தற்பாதுகாப்புக்காகத் தனியாருக்கு வழங்கிய துவக்குகளை நவம்பர் 7 க்கு முன் வெலிசறைக் கடற்படை வளாகத்தில் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி அறிவித்தது. மீளாய்வு செய்யப் போகிறார்களாம். அந்தச் செய்தியை வாசித்த அன்று, அப்பாவின் காலத்துக் கிழவர் ஒருவர் சந்தையில் என்னைப் பிடித்து நிறுத்தி, "தம்பி, சீட்டுக் கொடுப்பார்களாமா?" என்று கேட்டுவிட்டு அவராகவே சிரித்தார்.

மருமகன் திரும்பிப் போவதற்கு முதல் நாள் பிளாஸ்டிக் உறையைத் திறந்து பற்றுச்சீட்டைக் காட்டினேன். ஊதா மை வெளிறிச் சேலைக்கரை நிறமாகிவிட்டது. இலக்கம் மட்டும் இன்னும் தெளிவு, அப்பா மேலே பேனையால் எழுதியிருந்தார். மருமகன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இதைக் கொண்டுபோய்க் காட்டினால் என்ன மாமா?"

விளையாட்டுக்குத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். அட்டையைக் கொடுத்தால் துவக்கு வரும் என்ற ஊரில் வளர்ந்த பிள்ளை.

போனோம். கட்டடம் புதியது, இடம் அதுவே. முன்மேசையில் இளம் கொன்ஸ்டபிள் ஒருவர், கொச்சைத் தமிழிலும் மரியாதையாகப் பேசினார். கடதாசியை இரண்டு கையாலும் வாங்கினார். முன்னால் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், உள்ளே கொண்டுபோய் யாரிடமோ காட்டினார். நாங்கள் வாங்கில் இருந்தோம். சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் பிந்தி ஓடியது. திரும்பி வந்தவர் சீட்டை மேசையில் விரித்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த இடத்தை விரலால் தடவினார்.

"இது பழுதாகிறது ஐயா. லமினேட் செய்து வையுங்கள்."

சந்தியில் போட்டோப் பிரதிக் கடை ஒன்று திறந்திருந்தது. அங்கேயே செய்து எடுத்தோம். மருமகன்தான் காசு கொடுத்தான்.